சேலை ஒரு பக்கம், தையல்கூலி இன்னொரு பக்கம்: வீட்டுச் செலவைக் கணக்கெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தேசியப் புள்ளியியல் அலுவலகம், தமிழ்நாடு அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, களத்தில் வீடு வீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளர்கள்.

வணக்கம்.

ஜவுளி விற்பனை, தையல், வீட்டுச் செலவு ஆய்வு ஆகிய மூன்று வேலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். 2011-12 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புச் சுற்றுக்குப் பிறகு நீண்ட காலம் முடிவுகள் எதுவும் வெளிவராமல் இருந்தது. பின்னர் 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை ஒன்று, அதை ஒட்டியே 2024 ஜூலை வரை இன்னொன்று என இரண்டு குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புகளை நடத்தி முடித்தீர்கள். ஒவ்வொன்றிலும் 2.61 லட்சம் வீடுகள். முதல் சுற்றில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630 ரூபாய் என்று வந்தது. அகில இந்திய அளவில் அவை 3,773, 6,459. இந்த மொத்தங்களில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. பெண்களின் துணிச் செலவை வட்டாரம் வட்டாரமாக ஒப்பிடும்போதுதான் கணக்கு தடுமாறுகிறது.

2025 ஜனவரி முதல் உங்கள் ஆய்வுகளில் மாவட்டமே மாதிரியின் அடிப்படை அலகு. இனி மாவட்டவாரியாகப் பேச எல்லோருக்கும் ஆசை வரும். திருவாரூரில் பெண்கள் துணிக்குக் குறைவாகச் செலவழிக்கிறார்கள், கோயம்புத்தூரில் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை வந்தால் அதை அப்படியே நம்புவார்கள். கைத்தறிக்கு எங்கே சந்தை, எந்த ஊரில் பெண்கள் கையில் பணம் புழங்குகிறது என்றெல்லாம் அதிலிருந்து முடிவு கட்டுவார்கள். அதற்கு முன்பே கேள்வி கேட்கும் முறையில் சிலவற்றைச் சரிசெய்தாக வேண்டும்.

முதலில் ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். நடுத்தர ஊர் ஒன்றில் இன்றைக்கு உள்ள விலையை ஒட்டிய ஒரு மாதிரிக் கணக்கு இது. சில்க் காட்டன் சேலை ஒன்று 900 ரூபாய். சேலை ஐந்தரை மீட்டர், அதோடு ஒட்டிவரும் பிளவுஸ் பிட் முக்கால் மீட்டர் முதல் 80 சென்டிமீட்டர் வரை. கடையிலிருந்து வந்த சேலையை அப்படியே கட்ட முடியாது. சேலையின் கீழோரத்தில் உள்பக்கமாக வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணி 40 ரூபாய், அதைத் தைத்து இரண்டு பக்கமும் ஓரம் அடிக்க 90. லைனிங் துணி 70. லைனிங் வைத்து பிளவுஸ் தைக்கக் கூலி 400. முந்தியில் குஞ்சம் கட்ட 150. நிறத்துக்கு ஏற்ற உள்பாவாடை 180. எல்லாம் சேர்த்து 1,830 ரூபாய். சேலையின் விலை இதில் பாதிதான்.

உங்கள் அட்டவணையில் இந்த 1,830 எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். 900 ரூபாய் ‘சேலை’ என்ற உருப்படியில். உள்பாவாடை வேறோர் உருப்படியில். ஃபால்ஸ், லைனிங் ஆகியவற்றின் 110 ரூபாயைச் சொல்ல வேண்டும் என்றே பெரும்பாலோருக்குத் தோன்றாது. தையல்காரரே துணி வாங்கிப் போட்டிருந்தால் அது கூலியோடு கலந்துவிடும். தையல், ஓரம், குஞ்சம் என்று கைக்கூலியாகப் போன 640 ரூபாய் துணிக்கணக்கிலேயே இல்லை. சலவைக்கும் முடிதிருத்தத்துக்கும் பக்கத்தில், சேவைகள் பகுதியில் ‘தையல்காரர்’ என்ற வரியில் அது உட்கார்ந்திருக்கும்.

இப்போது இன்னொரு வீட்டுப் பெண் 900 ரூபாய்க்கு ரெடிமேட் சுடிதார் செட் ஒன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டாப், பேன்ட், ஷால் எல்லாம் சேர்ந்தது. இடுப்பையோ கையையோ பிடிக்க 50 ரூபாய். ஆக மொத்தம் 950. துணிக்கணக்கில் 900 விழுகிறது. சேலை வாங்கிய வீட்டில் அதன் 900உம் உள்பாவாடையின் 180உம் சேர்ந்து 1,080 விழுந்தது. உண்மையில் ஒரு வீட்டில் 1,830 ரூபாய் போயிருக்கிறது, இன்னொரு வீட்டில் 950. உங்கள் துணிக்கணக்கில் தெரியும் வேறுபாடு 180 ரூபாய்தான்.

ஒரு வீட்டோடு நின்றால் இது சின்னக் கணக்கு. ஆனால் சேலையும் தைத்த பிளவுஸும் அன்றாட உடையாக இருக்கிற காவிரிக் கரை கிராமங்களிலும் தென்மாவட்டக் கிராமங்களிலும் துணிச் செலவின் கணிசமான பகுதி தொடர்ந்து சேவைகள் பக்கம் ஒதுங்குகிறது. ரெடிமேட் குர்தி, லெக்கிங்ஸ் என்று மாறிவிட்ட சென்னை, கோவைக் குடும்பங்களில் தையல்கூலியும் விலைக்குள்ளேயே அடங்கி முழுசாகத் துணிக்கணக்கில் வந்துவிடுகிறது. நகரத்துப் பெண்கள் துணிக்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற முடிவில் ஒரு பகுதி, இந்தப் பிரிப்பு முறை தரும் முடிவு. திருமணத்துக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூவேலைப்பாடு) போட்ட பிளவுஸ் தைக்கும் வழக்கம் கிராமங்கள் வரை வந்துவிட்டது. சேலையை விடத் தையலுக்கும் வேலைப்பாட்டுக்கும் அதிகம் கொடுக்கிற வீடுகள் இன்று சாதாரணம். அந்தப் பணம் எதுவும் பெண்கள் ஆடைச் செலவு என்ற பெயரில் கண்ணில் படாது.

காலக்கணக்கும் இதோடு சேர்ந்து குழப்புகிறது. துணி, படுக்கை, காலணி ஆகியவற்றுக்குக் கடந்த 365 நாள்களைக் கேட்கிறீர்கள். சேவைகளுக்குக் கடந்த 30 நாள்களைக் கேட்கிறீர்கள். ஆகவே தை மாதக் கல்யாணத்துக்கு எடுத்த சேலை ஆனியில் நீங்கள் போகும்போதும் பதிவாகும். அதற்குத் தைத்த பிளவுஸின் கூலி பதிவாகாது. ஆண்டு முழுவதும் வீடுகளைப் பிரித்துப் பார்ப்பதால் மாநிலச் சராசரி பெரிதாகக் கெடாது என்பீர்கள், சரிதான். ஆனால் 38 மாவட்டங்களாகப் பிரித்து, அதிலும் கிராமம், நகரம் என்று பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் மிஞ்சும் வீடுகள் கொஞ்சம். அந்த அளவில், எந்த மாதத்தில் கதவைத் தட்டினீர்கள் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும். ஒரே வீட்டில் சேலைக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று சேர்த்துப் பார்க்கவும் வழியில்லை.

எனவே எங்கள் முதல் வேண்டுகோள்: பெண்கள் உடைக்கான தையல்கூலியை, ஃபால்ஸ், லைனிங், குஞ்சம், ஆரி வேலை எல்லாவற்றோடும் சேர்த்து, துணிப் பகுதியிலேயே 365 நாள் கணக்கில் ஒரு தனி வரியாகக் கேளுங்கள். 30 நாள் வரியை எடுத்துவிட வேண்டாம். பழைய சுற்றுகளோடு ஒப்பிட அது வேண்டும். மொத்தம் போடும்போது இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

365 நாள் என்பதிலேயே பண்டிகையால் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளின் துணிச் செலவு தீபாவளியைச் சுற்றியே நிற்கிறது. தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. ஆக, 2023 நவம்பர் 1ஆம் தேதி ஒரு வீட்டுக்குப் போய்க் கடந்த 365 நாள் என்று கேட்டால் அந்தக் காலத்துக்குள் ஒரு தீபாவளி கூட விழாது. முந்தைய தீபாவளிக்கு எடுத்தது வெளியே போய்விட்டது. வரப்போகிற தீபாவளிக்கு எடுக்க வேண்டியதில் பாதி இன்னும் வாங்கப்படவில்லை. அடுத்து, 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. 2025 அக்டோபர் 25 அன்று கேட்டால் இரண்டு தீபாவளியும் உள்ளே வந்துவிடும். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகர்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் இதே குழப்பம் வேறு மாதத்தில் வரும். கன்னியாகுமரியிலும் தூத்துக்குடியிலும் கிறிஸ்துமஸ் தேதி மாறாததால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. மாவட்டங்களை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு தானாக உள்ளே நுழையும்.

இதற்கு வழி எளிது. யாரும் 365 நாளை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. ‘போன தீபாவளிக்கு யார் யாருக்கு என்ன எடுத்தீர்கள்? பொங்கலுக்கு? ஆடித் தள்ளுபடியில் எடுத்து வைத்தீர்களா? ஊர்த் திருவிழா, கல்யாணம், சடங்கு, வளைகாப்பு ஏதாவது வந்ததா? சும்மா நாளில் வீட்டுக்கு என்று வாங்கியது என்ன?’ என்று நிகழ்ச்சி நிகழ்ச்சியாகக் கேட்டால் நினைவு ஓடி வரும். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய மாதத்தைக் குறித்துக்கொண்டால் எது 365 நாளுக்குள், எது வெளியே என்பதைக் கணக்கெடுப்பாளர் கையிலுள்ள டேப்லெட் கணினியே பிரித்துவிடும். எத்தனை தீபாவளி உள்ளே விழுந்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகலாம்.

மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிப் பேசுவோரும் இந்தக் காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது. 2022-23 சுற்று திட்டத்துக்கு முன், 2023-24 சுற்று திட்டத்துக்குப் பின், ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பெண்கள் தங்களுக்கென்று துணி எடுப்பது கூடியதா என்று தெரிந்துவிடும் என நினைக்கத் தோன்றும். தெரியாது. 2023 அக்டோபரில் பேட்டி கொடுத்த வீடு சொன்ன துணிக்கணக்கு ஏறக்குறைய முழுவதும் திட்டத்துக்கு முந்தைய ஆண்டைச் சேர்ந்தது. ஆகஸ்ட் முதல் ஜூலை வரை வீடுகள் சீராகப் பிரிந்திருந்தன என்று கொண்டு கணக்குப் போட்டால், அந்தச் சுற்று கேட்ட துணிக் காலத்தில் திட்டம் நடப்பில் இருந்த பங்கு நூற்றுக்கு 38 அளவுதான் வருகிறது. மாற்றம் இருந்திருந்தாலும் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத்தான் தெரியும். வாங்கிய மாதம் பதிவாகியிருந்தால் முன், பின் என்று துல்லியமாகப் பிரித்திருக்கலாம்.

அடுத்தது பொங்கல் சேலை. 1983இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தில் அண்மைப் பொங்கல்களுக்குத் தலா 1.77 கோடி சேலையும் வேட்டியும் என்ற அளவில் நெய்யப்பட்டிருக்கின்றன. விலையில்லாமல் வந்த பொருள்களுக்கு மதிப்புப் போட்டுச் சேர்க்கும் முறையை 2022-23 சுற்றில் நீங்கள் கொண்டுவந்தது நல்ல காரியம். அந்தப் பட்டியலில் அரிசி, பருப்பு, மடிக்கணினி, மிதிவண்டி எல்லாம் இருக்கின்றன. துணி என்று வரும்போது பள்ளிச் சீருடை மட்டும்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு சேலை விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில், அந்தச் சேலை கணக்கில் ஏறுவதே இல்லை. வயலுக்கும் நூறு நாள் வேலைக்கும் அதையே கட்டிப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கடையில் வாங்க வேண்டியிருந்த ஒரு சேலையை மிச்சப்படுத்துகிறது. வாங்கி அப்படியே இன்னொருவருக்குக் கொடுத்துவிடும் வீடும் உண்டு, தூளி கட்டும் வீடும் உண்டு. ஆகையால் ‘வந்ததா’ என்று மட்டும் கேட்காமல் ‘கட்டினீர்களா’ என்றும் கேளுங்கள். அரசு கொள்முதல் விலையை வைத்தே மதிப்புப் போடலாம்.

சீர், செய்முறை விஷயத்தில் இரட்டைக் கணக்கு விழுகிறது. பழைய சுற்றுகளின் விதிப்படி ஒரு துணி முதல்முறை உடுத்தப்படும்போதுதான் அது நுகர்வு. யார் உடுத்தினாரோ அந்த வீட்டுக் கணக்கில் அது சேரும். விதி தெளிவானது. களத்தில் அப்படி நடப்பதில்லை. மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்தில் தாய்மாமன் சீருக்குத் தட்டுத் தட்டாகச் சேலை எடுத்த வீட்டில் போய்க் கேட்டால் அத்தனையையும் தங்கள் செலவாகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் பணம் போனது அவர்களிடமிருந்து. வாங்கிக்கொண்ட வீட்டிலும் ‘இது சீரில் வந்தது’ என்று சில சேலைகள் பதிவாகும். இன்னொரு பக்கம், முகூர்த்தப் பட்டை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில், மணமகள் பெயரில் பதிவாக வேண்டியது இரண்டு வீட்டிலும் விட்டுப்போவதும் உண்டு. ‘எங்கள் வீட்டுப் பெண்கள் உடுத்த’, ‘பிறருக்குக் கொடுக்க’, ‘பிறரிடமிருந்து வந்தது’ என்று மூன்று கட்டம் இருந்தால் போதும். எடுத்து பீரோவில் வைத்து இன்னும் கட்டாத பட்டுச் சேலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று களப்பணியாளருக்கு ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இப்போது ஆளுக்கு ஒருவிதமாக எழுதுகிறார்கள்.

தவணைக் கணக்கும் அப்படித்தான். தலைச்சுமையாகவோ வண்டியிலோ வந்து வாரத் தவணைக்குச் சேலை கொடுப்போர் இன்னும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். தீபாவளிச் சீட்டுக் கட்டி ஆண்டு இறுதியில் துணியாக எடுப்போரும், கோ-ஆப்டெக்ஸில் எடுத்துச் சம்பளத்தில் பிடிக்கச் செய்யும் அரசு ஊழியர்களும் உண்டு. சீட்டுக் கட்டிய பணத்தை எழுதக் கூடாது, கட்டிய தவணையையும் எழுதக் கூடாது. துணி கைக்கு வந்த மாதத்தில் அதன் முழு விலையை எழுத வேண்டும். ஆன்லைனில் வரவழைத்துத் திருப்பி அனுப்பியதைக் கழிக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது எல்லாவற்றையும் விட முக்கியம். குடும்பத் தலைவர் என்று ஆணிடம் கேட்டால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எடுத்தது வரும், ஏனென்றால் அந்தப் பணத்தை அவர் பார்த்திருப்பார். சந்தையில் இரண்டாக எடுத்த நைட்டி, உள்ளாடை, உள்பாவாடை, மூன்று மாதத்துக்கு ஒரு லெக்கிங்ஸ் எதுவும் வராது. பெண்ணிடம் கேட்டாலும், மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் தன் பணத்தில் எடுத்த சேலையைச் சொல்லாமல் விட வாய்ப்பு உண்டு. உள்ளாடையைப் பற்றி ஆண் களப்பணியாளரிடம் பேசுவது பலருக்குச் சங்கடம். கேட்பவரும் சங்கடப்பட்டுத் தாண்டிப் போய்விடுகிறார். இந்தப் பகுதியைப் பெண் கணக்கெடுப்பாளர், பெண்ணிடம், தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்று: ‘இரவு உடை’ என்று கேட்டால் நைட்டி வராது. வீட்டில் காலை முதல் உடுத்தியிருப்பது அதைத்தான், மேலே ஒரு துண்டு போட்டுக் கடைக்கும் போவார்கள். ‘நைட்டி எத்தனை எடுத்தீர்கள்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

வட்டார விலை வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் ஏற்றுமதியில் மிஞ்சியதும் சிறு பழுதுள்ளதும் காதர்பேட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஈரோட்டு வாரச் சந்தையில் நைட்டியும் பாவாடையும் மொத்த விலையை ஒட்டியே கிடைக்கும். அதே லெக்கிங்ஸும் நைட்டியும் நாகப்பட்டினத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ போய்ச் சேரும்போது இரண்டு கை மாறியிருக்கும். கொங்குப் பகுதியில் ரூபாய் குறைவாகத் தெரிந்தால் அங்கே பெண்களிடம் உருப்படிகள் குறைவு என்று பொருள் இல்லை. சேலைக்கு எண்ணிக்கையும் சேர்த்துக் கேட்கிறீர்கள்; அதையும் மதிப்போடு பக்கத்தில் வைத்து வெளியிட்டால் இந்தத் தவறு நேராது.

ஆனால் சேலை எண்ணிக்கையும் தனியாக நின்றால் ஏமாற்றும். 250 ரூபாய் பூனம் சேலையும் 25,000 ரூபாய் காஞ்சிபுரம் பட்டும் ஒரே வரியில் சேர்ந்தால் வரும் சராசரி விலைக்கு எந்தச் சேலையும் சந்தையில் இருக்காது. பட்டு, பருத்தி, செயற்கை இழை என்று மூன்றாகப் பிரியுங்கள். வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும், பட்டின் விலை ஏறும். கல்யாணங்கள் மிகுந்த ஒரு மாவட்டத்தில் அது மட்டுமே செலவைத் தூக்கிக் காட்டும். வரியும் உண்டு: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட தைத்த ஆடைக்கு 18 விழுக்காடு, சேலை துணி என்ற வகையில் இருப்பதால் 5 விழுக்காடு. விலை கூடிய ரெடிமேட் உடை எடுக்கும் நகரங்களில் அடுத்த சுற்றில் செலவு ஏறியதாகத் தெரிந்தால், அதில் வரியின் பங்கு என்ன என்றும் பார்க்க வேண்டியிருக்கும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. பஞ்சாபில் சூட் துணியாக வாங்கித் தைக்கக் கொடுக்கிறார்கள். தையல்கூலி அங்கேயும் வேறு பக்கம் போகிறது. அசாமின் மேகலா சாதர் இரண்டு துண்டு, மணிப்பூரின் பனேக்கும் இன்னாஃபியும் இரண்டு துண்டு, கேரளத்தின் செட்டு முண்டும் இரண்டு துண்டு. இவற்றை எந்த உருப்படியில், ஒன்றாகவா இரண்டாகவா எழுதுவது என்று ஒரே விதி எல்லா மாநிலத்துக்கும் போக வேண்டும்.

கடைசியாக வகுக்கும் எண். மாதத் தனிநபர் செலவைக் குடும்பத்தில் உள்ள எல்லோரையும் வைத்து வகுக்கிறீர்கள். பெண்கள் உடைச் செலவையும் அப்படி வகுத்தால், ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும் உள்ள வீட்டையும் மூன்று பெண்கள் உள்ள வீட்டையும் ஒப்பிட முடியாது. ஆண்கள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் ராமநாதபுரம், சிவகங்கை வீடுகளில் வீட்டில் எண்ணப்படுவோரில் பெண்களே அதிகம். அங்கே தனிநபர் கணக்கு ஒருவிதமாகச் சாயும், ஆண் தொழிலாளர் வந்து தங்கும் திருப்பூரில் வேறுவிதமாகச் சாயும். உறுப்பினரின் வயதும் பாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 15 வயதுக்கு மேற்பட்ட பெண் ஒருவருக்கு என்று வகுத்த அட்டவணை ஒன்றைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். இதற்குப் புதுக் கேள்வி எதுவும் தேவையில்லை.

இத்தனையையும் ஒரேயடியாக நாடு முழுக்க மாற்றச் சொல்லவில்லை. மாநில மாதிரி, அதாவது மாநில அரசு தன் பங்குக்குக் கணக்கெடுக்கும் வீடுகள், பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் கையில் இருக்கிறது. ஈரோடு, திருவாரூர், ராமநாதபுரம், சென்னை ஆகிய நான்கு மாவட்டங்களில் ஒரு சோதனைச் சுற்று நடத்தலாம். ஒவ்வொன்றிலும் பாதி வீடுகளுக்கு இப்போதைய கேள்வித்தாள், மீதிப் பாதிக்கு மேலே சொன்ன திருத்தங்களோடு ஒரு கேள்வித்தாள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒரு முறையும் தை மாதக் கடைசியில் ஒரு முறையும் கேட்டால் கால வேறுபாடும் தெரிந்துவிடும். துணி வகைகளின் ஊர்ப் பெயர்கள், பிளவுஸ் தையல்கூலியின் வகைகள், கேட்க வேண்டிய வரிசை ஆகியவற்றை எழுதித் தரவும், களப்பணியாளர் பயிற்சியில் ஒரு நாள் வந்து சேலை, ஃபால்ஸ், லைனிங் எல்லாவற்றையும் மேசையில் வைத்து விளக்கவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஜவுளி விற்பனை, தையல், வீட்டுச் செலவு ஆய்வுப் பணிகளில் இருப்போர்